பாதிக்குக் கீழே

அவருக்கு அப்பா அம்மா ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்திலும் வங்கிப் புத்தகத்திலும் அதுதான் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி மெக்கானிக் தெருவில் விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். 'பாதி' என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து, தெருவின் கடைசியில் இருக்கிற தகரக் கொட்டகையைக் காட்டிவிட்டுப் போவார்.

சாலையே இல்லாத இடங்களுக்குப் போய், வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்கிவிட்டு வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுடைய வண்டிகளுக்கு பேட்டரி பொருத்துவதுதான் அவர் தொழில். எஞ்சினை எழுப்புவதற்கு ஒரு பேட்டரி, அது வண்டியோடு வருவது. குளிர்பெட்டி, விளக்கு, விசிறி என்று வண்டி நிற்கும்போது ஓடுகிற எல்லாவற்றுக்கும் தனியாக இன்னொன்று வேண்டும். அந்த இன்னொன்றுதான் அவர் பிழைப்பு.

பொருத்தி முடித்ததும் ஒரு பிரசங்கம் இருக்கிறது. அதைக் கேட்காமல் ஒருவரும் சாவியை வாங்கிக்கொண்டு போக முடியாது.

"இதுல நூறு இருக்குன்னு எழுதியிருக்கும். நம்பாதீங்க. அம்பதுதான் உங்களது. மீதி அம்பது பேட்டரியோடது. அதுல கைய வச்சீங்க, பேட்டரி செத்துடும். அப்புறம் என்கிட்ட வந்து அழக் கூடாது."

பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. முடி வெட்டுகிறவர் கத்தரியை எடுத்துக்கொண்டு, "பாதி வெட்டினாப் போதுமா, முழுசா வெட்டலாமா?" என்று கேட்பார். டீக்கடைக்காரர் அரை கிளாஸ் டீயை நீட்டி, "மீதி கிளாஸோடது" என்பார். அவருக்குக் கோபமே வராது. உள்ளூர அதில் பெருமைதான். தன் பேச்சை நாலு பேர் கேட்கிறார்கள், கேலி செய்கிற அளவுக்காவது மனதில் வைத்திருக்கிறார்கள் என்ற பெருமை.

இந்த ஞானம் சும்மா வந்ததல்ல. இருபத்திரண்டு வயதில் அவர் நில அளவைக்காரர்களுக்கு ஜீப் ஓட்டினார். வேலை வாங்கிக் கொடுத்தது அக்காவின் கணவர். அந்த அத்தானும் நில அளவைக்காரர்தான். மேட்டு நிலத்தில் வற்றிப்போன ஓர் ஏரி. அதன் கரையில் கூடாரம் அடித்திருந்தார்கள். சாயங்காலம் முழுவதும் ஜீப்பின் விளக்கைப் போட்டுக்கொண்டு வானொலியில் பாட்டுக் கேட்டார். காலையில் ஜீப் எழுந்திருக்கவில்லை. அத்தானும் அவரும் ஒன்றரை நாள் நடந்து சாலையைப் பிடித்தார்கள். அந்தக் கதையைக் கல்யாணம், சாவு என்று எந்த வீட்டில் நாலு பேர் கூடினாலும் அத்தான் விடாமல் சொல்வார். ஒவ்வொரு தடவையும் தூரம் கொஞ்சம் கூடும்.

அந்த அத்தான்தான் போன வருஷம் கொட்டகைக்கு வந்து, "மச்சான், அந்த ஏரிக்கு உங்க அக்காவக் கூட்டிட்டுப் போகப்போறேன்" என்றார்.

அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் மூன்று வருஷம் ஆகியிருந்தது. தசைகள் மெல்ல மெல்லத் தளர்ந்துகொண்டே வருகிற நோய். பகலில் மெதுவாக நடப்பாள், பேசுவாள், எல்லாரையும் கிண்டல் செய்வாள். தூங்கினால்தான் ஆபத்து. தூக்கத்தில் மூச்சை இழுக்க அவள் நெஞ்சுக்குப் போதிய பலம் இல்லை. அதனால் முகத்தில் ஒரு மூடி மாட்டி, குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் ஓர் இயந்திரத்தோடுதான் தூங்க வேண்டும். ஒரு ராத்திரிகூட விடக் கூடாது, பகலில் கண்ணயர்ந்தாலும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது ஓடுவதாக இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றும் அவரேதான் சொன்னார்.

"இவர் வாயால கேட்டுக் கேட்டு அந்த ஏரி எனக்கே அலுத்துப்போச்சுடா. ஒரு தடவ நேர்ல பாத்துட்டா அந்தக் கதைய நிறுத்திடுவாருல்ல, அதுக்காகத்தான் போறேன்" என்றாள் அக்கா. அவள் கண்ணில் இருந்த ஆசை அதற்காக மட்டும் வந்ததாகத் தெரியவில்லை.

என்ன பேட்டரி போடுவது என்பதில் மைத்துனர்கள் இருவரும் முட்டிக்கொண்டார்கள். அத்தான் லித்தியம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கெங்கோ படித்ததையெல்லாம் தாளில் அச்செடுத்துக் கொண்டு வந்திருந்தார். எடை குறைவு, கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம், பாதிக் கணக்கே கிடையாது. கடைசியில் சொன்னது பாதிக்குச் சுருக்கென்று தைத்தது.

"அதுக்குள்ள கம்ப்யூட்டர் மாதிரி ஒரு குட்டிப் பலகை உக்காந்திருக்கு அத்தான். ரொம்பக் குளிர்ந்தா சார்ஜ் ஏத்திக்க மாட்டேன்னு அதுவே முடிவு பண்ணும். உங்களக் கேக்காது. கெட்டிக்காரப் பேட்டரி. கெட்டிக்காரனெல்லாம் நடுவழியில கழட்டி விட்டுடுவான். நான் போடுற ஈயப் பேட்டரி மக்கு. ஆனா சொன்னா சொன்னபடி."

"அப்ப மக்கையே போடுடா. நம்ம குடும்பத்துக்கு அதுதான் ஒத்துப்போகும்" என்றாள் அக்கா. அதோடு பேச்சு முடிந்தது.

வண்டி மேலே உதிரிச் சக்கரமும் தண்ணீர்த் தொட்டியும் இடத்தை அடைத்துக்கொண்டதால் சூரியத் தகட்டுக்கு வழியில்லை. நூறு ஆம்பியர் மணி பேட்டரி இரண்டை இணைத்துப் போடுவது என்று முடிவானது.

இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்று பார்க்க அக்காவையே கொட்டகைக்கு வரச் சொன்னார். உச்சி வெயில். தகரம் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி, பொய்யாகக் குறட்டை விட்டுக் காட்டினாள். அவர் ஒயரில் கிடுக்கி மீட்டரை மாட்டிப் பார்த்தார். மூன்றரை ஆம்பியர். அரை மணி நேரம் விட்டுப் பார்த்தார், மூன்றரைதான். சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதினார். பத்து மணி நேரத் தூக்கத்துக்கு முப்பத்தைந்து, குளிர்பெட்டிக்கு இருபத்தைந்து, ஆக அறுபது. கையில் இருப்பது இருநூறில் பாதி, நூறு.

"நாப்பது மிச்சம். ராணி மாதிரி தூங்குக்கா" என்றார்.

படுக்கைக்குப் பக்கத்தில் ஊசி வைத்த மீட்டர் ஒன்றைப் பொருத்தினார். மனைவியின் நகப் பூச்சை எடுத்து வந்து, பாதி வருகிற இடத்தில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். பிறகு எல்லாரிடமும் சொல்வதை அதே குரலில் அக்காவிடமும் சொன்னார்.

"ஊசி இந்தக் கோட்டுக்கு வந்துச்சுன்னா எல்லாத்தையும் நிறுத்திடணும். எல்லாத்தையும். சொல்லிட்டேன்."

"சரிங்க ஐயா" என்றாள் அக்கா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

தினமும் பகலில் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சுற்றினால் ராத்திரி செலவான சார்ஜ் ஏறிவிடும், வண்டி நிற்கும்போது எஞ்சினை ஓட்டி சார்ஜ் ஏற்ற வேண்டாம், புகை உள்ளே வரும், அக்காவுக்கு ஆகாது என்று அத்தானிடமும் சொல்லி அனுப்பினார். முதல் ராத்திரி வழியில் விடுதியில் தங்கல். அடுத்த நாளிலிருந்து நாலு ராத்திரி ஏரிக்கரையில்.

அவர்கள் கிளம்பிய நாலாம் நாள் காலை. பாதி வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மனைவி துணி உலர்த்திக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள்.

"அங்க குளிர் பின்னி எடுக்கும்ல? உங்க அக்காவுக்கு என்ன கவலை. அந்த மூக்குக் குழாய் கதகதன்னு இருக்கும். போன குளிர் காலத்துல அவங்களுக்குத் துணைக்குப் படுத்தேனே, அப்ப விரல் விறைச்சுப் போகாம அந்தக் குழாயப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினேன்."

டீ பாதி வழியில் நின்றது.

"குழாய் சுடுமா?"

"சுடாது. இளஞ்சூடு. அடியில தண்ணி ஊத்துற டப்பா ஒண்ணு இருக்குல்ல? அதுதான் காய்ஞ்சு ஆவியா வருமாம். இல்லன்னா மூக்கு வறண்டு புண்ணாயிடும்னு சொன்னாங்க."

அவர் கிளாஸைப் படியில் வைத்தார். தண்ணீர் டப்பாவை அவரும் பார்த்திருந்தார். அது வெறும் தண்ணீர் என்று நினைத்துவிட்டார். சூடு என்றால் ஆம்பியர். முப்பது வருஷமாகச் சூடாக்கும் எதையும் பேட்டரியில் மாட்டாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அவர். தகரக் கொட்டகையில், உச்சி வெயிலில், அந்தச் சூடேற்றிக்கு வேலையே இருக்கவில்லை. அது சும்மா படுத்துக் கிடந்த நேரத்தில் அளந்து, அதையே கணக்கென்று சுவரில் எழுதிவிட்டார். மேட்டு நிலத்தின் குளிர் அவருக்குத் தெரியாததல்ல. அதில் ஒன்றரை நாள் நடந்தவர்.

கொட்டகைக்கு ஓடிப்போய் சுவருக்கு முன் நின்றார். சூடேற்றி ஓடினால் ஒன்பது ஆம்பியராவது இழுக்கும். பத்து மணி நேரத்துக்குத் தொண்ணூறு. குளிர்பெட்டிக்கு இருபத்தைந்து. குளிரில் பேட்டரியின் தெம்பே கால்வாசி சுருங்கிவிடும், அது வேறு. முதல் ராத்திரியே ஊசி கோட்டுக்கு வந்திருக்கும். ஏரிக்கரையில் இரண்டு ராத்திரி ஏற்கெனவே போய்விட்டது. அத்தானின் போனுக்கு அடித்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. அக்காவின் போனுக்கு அடித்தார். அதுவும் அப்படியே.

சார்ஜ் ஏறிய பேட்டரி ஒன்றைத் தூக்கிப் பழைய ஜீப்பில் வைக்கும்போது மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்கு?"

"நீங்க இருக்கிற லட்சணத்துல ஸ்டியரிங்கப் புடிப்பீங்களா, தலையப் புடிப்பீங்களா? நகருங்க, நானும் வர்றேன்."

ஆறு மணி நேர ஓட்டம். வழி நெடுக அவர் தனக்குத் தானே ஆறுதல் சொல்லிக்கொண்டார். கோட்டைத் தாண்டிப் போனால் என்ன, பேட்டரிதானே கெடும்? ஊசி எவ்வளவு இறங்கினாலும் இயந்திரம் இன்னும் பல மணி நேரம் ஓடும். அக்கா எப்போது யார் பேச்சைக் கேட்டிருக்கிறாள்? சின்ன வயதில் அப்பா கிழக்கே போகச் சொன்னால் மேற்கே போவாள். என் பேச்சை மட்டும் கேட்டுவிடவா போகிறாள்? வாழ்க்கையில் முதல் முறையாக, தான் சொன்னதை யாரும் கேட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டார்.

"கேட்டிருக்க மாட்டாங்க" என்றாள் மனைவி, அவர் வாயைத் திறக்காமலேயே.

பிற்பகலில் போய்ச் சேர்ந்தார்கள். ஏரி வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. வண்டி நிழலில் மடக்கு நாற்காலி போட்டு அத்தான் உட்கார்ந்திருந்தார். முகம் பத்து வயது குறைந்து பளபளத்தது.

"அடடே மச்சான்! விட மாட்டியே, வாசனை புடிச்சு வந்துட்ட. அந்தக் காலத்துல நான் நட்ட அளவுக் கல்லக்கூட நேத்து கண்டுபுடிச்சிட்டேன். வண்டியில ஒரு மணி நேரம் சுத்தி எல்லாத்தையும் காட்டினேன்."

"அக்கா எங்க?"

"உள்ளதான். தலைய வலிக்குதுன்னா. காலையிலேர்ந்து நல்ல தூக்கம். எழுப்ப வேணாம்னு நான் கதவத் திறக்கல."

பாதி வண்டிக் கதவைத் திறந்தார். முகமூடி கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா தலையணையில் சாய்ந்து கிடந்தாள். முகம் உப்பியிருந்தது. உதடு வெளிறி நீலம் பாரித்திருந்தது. மூச்சு வருகிறதா என்று பார்க்க அவர் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினார். இரண்டாம் தடவை உலுக்கியபோது கண் திறந்தது.

"பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சாப்பா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

மூடியை மாட்டி இயந்திரத்தைப் போட்டார். அது ஓடியது. ஓடாமல் என்ன, ஊசி கோட்டுக்குக் கொஞ்சம் மேலேதான் நின்றது. எஞ்சினைக் கிளப்பி, மனைவியை அக்காவின் தலைமாட்டில் உட்கார வைத்துவிட்டு, அத்தானின் வண்டியை அவரே ஓட்டினார். அத்தான் ஜீப்பில் பின்னால் வந்தார். இரண்டரை மணி நேரத் தூரத்தில் ஒரு மருத்துவமனை. இரத்தத்தில் கரியமில வாயு ஏறிப்போயிருக்கிறது, இன்னும் நாலு மணி நேரம் அப்படியே தூங்கியிருந்தால் எழுந்திருக்க மாட்டார் என்றார்கள்.

மூன்றாம் நாள் அக்காவுக்குத் தெளிவாகப் பேச்சு வந்தது. பாதி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"ஏரிக்கரையில மொத ராத்திரி மூணு மணி வாக்குல ஊசி கோட்டுக்கு வந்துடுச்சுடா. நிறுத்திட்டு எழுந்து உக்காந்துக்கிட்டேன்."

"ஏன்க்கா?"

"என்னடா ஏன்? நீதானே எல்லாத்தையும் நிறுத்தணும்னு சொன்ன? தூங்கினாத்தானே எனக்கு மூச்சு வராது? முழிச்சுக்கிட்டே இருந்தா ஒண்ணும் இல்லியே. நட்சத்திரத்த எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தேன். ரெண்டாவது ராத்திரி பத்து மணிக்கே வந்துடுச்சு. அதுதான் கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. விடிஞ்சப்புறம் எப்பக் கண்ணசந்தேன்னே தெரியல."

"அத்தான எழுப்பியிருக்கலாம்ல?"

"எழுப்பினா உடனே ஊருக்குத் திருப்பிடுவாரு. அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்லடா." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டாள். பிறகு கவலையோடு கேட்டாள். "பேட்டரிக்கு ஒண்ணும் ஆகலையே?"

அவர் எழுந்து வெளியே போனார். கை கழுவும் இடத்தில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தில் அழுதார். ஐம்பத்தாறு வயதில், பக்கத்தில் ஒரு நர்ஸ் நிற்பதுகூடத் தெரியாமல் தேம்பித் தேம்பி அழுதார்.

நடைக்கூடத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்.

"நான் சொன்னதுல ஒண்ணக்கூட அவ கேட்டதில்ல மச்சான். நீ சொன்னத மட்டும் ஒரு எழுத்து விடாம கேட்டிருக்கா." பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, "நல்ல தூக்கம்னு உன்கிட்ட சொன்னேன் பாரு" என்றார்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த இரண்டு பேட்டரிகளையும் கழற்றிக் கொட்டகையில் வைத்துச் சோதித்தார். பழைய முகப்பு விளக்கு ஒன்றை மாட்டி ஒரு பகல் முழுக்க எரிய விட்டார். ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு வாங்கியவை போல இருந்தன. இன்னொன்றும் தெரிந்தது. பாரம் அதிகமாக இழுக்கும்போது, பேட்டரியில் உண்மையில் இருப்பதைவிட ஊசி தாழ்த்திக் காட்டும். பாரத்தை எடுத்தால் மறுபடி மேலே ஏறிக்கொள்ளும். மூன்றரை ஆம்பியருக்கு என்று அவர் இழுத்த கோடு ஒன்பதுக்குப் பொருந்தாது. இதுவும் அவருக்குத் தெரிந்த விஷயம்தான். அக்கா இயந்திரத்தை நிறுத்திய நேரத்தில் பேட்டரி பாதியைக்கூடத் தொட்டிருக்கவில்லை. அவருடைய பாதிக்கு மேலேயே இன்னும் ஒன்றிரண்டு மணி நேரத் தூக்கம் இருந்திருக்கிறது. அதற்குக் கீழே விடியும் வரைக்கும் இருந்திருக்கிறது.

நல்ல பேட்டரியைப் பார்த்து அவருக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்ததே இல்லை. காலால் ஓங்கி உதைத்தார். கட்டை விரல் வீங்கியதுதான் மிச்சம்.

அதற்குப் பிறகு பிரசங்கம் நின்றுபோனது. வண்டி கொண்டு வருகிறவர்களிடம் இப்போது நிறையக் கேட்கிறார். என்னென்ன மாட்டுவீர்கள், எங்கே போகிறீர்கள், அங்கே எவ்வளவு குளிரும், அது நின்றால் யாருக்கு என்ன ஆகும். கடைசிக் கேள்விக்குக் குளிர்பெட்டியில் இருக்கும் மீன் கெட்டுவிடும் என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறவர்களிடம் பழைய கணக்கைச் சொல்லி அனுப்புகிறார், அதுவும் சுரத்தில்லாமல். டீக்கடைக்காரர் முழு கிளாஸ் டீ கொடுக்க ஆரம்பித்துவிட்டார். பெயர் மட்டும் மாறவில்லை. தெருவில் யாராவது 'பாதி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவருக்கு ஒரு கணம் ஆகிறது.

அக்கா வீடு திரும்பிவிட்டாள். போன பலம் திரும்பவில்லை, திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது பகலிலும் சில மணி நேரம் மூடியை மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பயணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அத்தான் அந்த ஏரிக் கதையை யாரிடமும் சொல்வதில்லை.

போன வாரம் மின்சாரம் போனால் உதவட்டும் என்று அதே இரண்டு பேட்டரிகளையும் அக்காவின் கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய்ப் பொருத்தினார். அக்கா மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீட்டர் எங்கடா?"

"வைக்கல."

"அப்ப பாதி ஆச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரிய வேணாம்க்கா. அது முழுசா உன்னோடது. நிக்கிற வரைக்கும் ஓடட்டும்."

தம்பிக்குப் புத்தி பிசகிவிட்டதா என்பது போல அக்கா பக்கத்தில் நின்ற கணவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து, ரகசியம் சொல்கிற குரலில் சொன்னாள்.

"டேய், பேட்டரி செத்துடுமேடா."

அவர் கட்டிலுக்கு அடியில், ஏற்கெனவே இறுக்கிய மரையையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"சாகட்டும்க்கா" என்றார்.